எப்எஸ்எக்ஸில் ஸ்வோர்ட்பிஷ்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

வீட்டுக் கணினியில், எப்எஸ்எக்ஸ் என்ற மைக்ரோசொப்ட்டின் பழைய விமான சிமுலேட்டரில், இராணுவ விமானம் ஓட்டுகிறேன் என்று சொன்னால், மட்டக்களப்பில் அடுத்த கேள்வி "கிபிர் இருக்கா?" என்பதுதான். கிடைத்தாலும் போடமாட்டேன். கிபிர், புக்காரா, சியாமாசெட்டி எல்லாம் யுத்த காலத்தில் குண்டு போட வந்த விமானங்கள், அந்தப் பெயர்களை எங்கள் வீட்டில் யாரும் விமானப் பிரியத்தால் கற்றுக்கொள்ளவில்லை. வேறு ஏதோ ஒரு ஜெட்டை ஒருநாள் ஸ்பீக்கரில் ஓடவிட்டபோது குசினிக்குள் இருந்து அம்மா, "சத்தத்தைக் குறை மனே" என்றார். ஜெட்கள் முதலில் ஹெட்போனுக்குப் போயின, கொஞ்ச நாளில் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தும் போயின. மிஞ்சியது ஃபெயரி ஸ்வோர்ட்பிஷ் ஒன்றுதான். இலவசமாக இறக்கியது. சிமுலேட்டருக்குள் பிறகு சேர்த்துக்கொள்ளும் இந்த மாதிரிப் பொதிகளை ஆட்-ஓன் என்பார்கள். இவ்வளவு காலம் என்னோடு நின்ற ஆட்-ஓன் வேறில்லை, இவ்வளவு வேலை வாங்கியதும் வேறில்லை.

தெரியாதவர்களுக்கு: ஸ்வோர்ட்பிஷ் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம். திறந்த கொக்பிட்டில் மூன்று பேர். முன்னால் ஒன்பது சிலிண்டர் பிரிஸ்டல் பெகசஸ் எஞ்சின், வயிற்றுக்குக் கீழே ஒரு டோர்பிடோ. 1934 இல் முதலில் பறந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோதே பழசாகிவிட்டது, ஆனாலும் 1940 நவம்பரில் டரான்டோ துறைமுகத்தில் இத்தாலியப் போர்க்கப்பல்களை அடித்தது, 1941 மே மாதம் பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் சுக்கானை முடக்கியது இதுதான். எங்கள் கரையோடும் இதற்குத் தொடர்பு உண்டு. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பலின் விமானங்கள் ஸ்வோர்ட்பிஷ்கள்தான். அன்று அவை கப்பலில் இல்லை, கரையில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தன் விமானம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் எங்கள் கடலுக்குள் போனது. கூடவே வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலியக் கப்பலும் போனது. திருகோணமலைச் சீனக்குடா விமானத்தளத்தில் இருந்து அந்த இடத்துக்கு ஒரு ஸ்வோர்ட்பிஷ்ஷை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்ற ஆசைதான் இந்த ஆட்-ஓனைத் தேடவைத்தது.

ஏன் இன்னும் எப்எஸ்எக்ஸ்? அக்கரைப்பற்றில் இருக்கும் என் மச்சான் புதிய மைக்ரோசொப்ட் சிமுலேட்டர் வைத்திருக்கிறான். அழகுதான். ஆனால் நிலக்காட்சியை அது இணையத்தில் இருந்து இழுத்துக்கொண்டே இருக்கும், மாத நடுவிலேயே அவனுடைய டேட்டா முடிந்துவிடும். எப்எஸ்எக்ஸ் 2006 இல் வந்தது, 2014 இறுதியில் ஸ்டீமில் மறுபடி வந்தது. ஒருமுறை போட்டுவிட்டால் இணையமே இல்லாமல் ஓடும். என் கணினிக்கும் அதுதான் தாங்கும்.

சரி, விமானத்துக்கு வருவோம். இது முதலில் எப்எஸ்எக்ஸுக்கு முந்திய 2004 பதிப்புக்காகச் செய்யப்பட்டது. இரண்டிலும் ஓடும் என்றுதான் கூடவந்த குறிப்பில் எழுதியிருந்தது. ஓடியது என்று சொல்லமுடியாது, துள்ளியது. சீனக்குடா ஓடுபாதையில் ஏற்றியதும், சட்டியில் போட்ட நெல் பொரிவது மாதிரி விமானம் நின்ற இடத்திலேயே துள்ளத் தொடங்கி, கடைசியில் இறக்கை நுனி நிலத்தில் முட்டி "விபத்து" என்று திரை கறுத்தது. எஞ்சினைத் தொடக்கூட நேரமில்லை.

இந்தத் துள்ளலுக்கான மருந்து எயார்கிராப்ட்.சிஎப்ஜி என்ற பைலுக்குள் இருக்கிறது. நோட்பேடில் திறக்கலாம், வெறும் எழுத்துத்தான். அதில் கொன்டாக்ட் பொயின்ட்ஸ் என்ற பகுதியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு வரி. வரியின் முதல் எண் 1 என்றால் சக்கரம், 2 என்றால் உடம்பு உரசும் இடம். அடுத்த மூன்றும் அது எங்கே இருக்கிறது என்பது: முன்பின், இடம்வலம், மேல்கீழ், எல்லாம் அடிக்கணக்கில். ஒன்பதாவது எண், விமானம் சும்மா நிற்கும்போது அதன் பாரத்தில் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்பது. பதினோராவது, துள்ளலை எவ்வளவு வேகமாக அடக்குவது என்பது. அது பூச்சியம் என்றால் ஸ்பிரிங் அடங்கவே அடங்காது, 1 க்குக் கிட்டப் போகப்போக ஒரே அமுக்கில் நின்றுவிடும். என் பைலில் அமுக்கம் மிகக் குறைவாக, விறைத்த ஸ்பிரிங் மாதிரி இருந்தது. அடக்கும் எண்ணும் 0.2 தான். அமுக்கத்தை 0.35 ஆக்கி, அடக்கத்தை 0.8 க்கு ஏற்றினேன். துள்ளல் பாதி நின்றது.

மீதிப் பாதிக்குக் காரணம் வேறு. விமானத்தை நிலத்தில் வைக்கும்போது எந்த உயரத்தில், எந்தச் சரிவில் வைப்பது என்று அதே பகுதியின் கீழே இரண்டு எண்கள் உண்டு. வால் சக்கர விமானம் மூக்கை உயர்த்தித்தான் நிற்கும். இந்த உயரமும் சரிவும் சக்கரங்களின் இடத்தோடு பொருந்தாவிட்டால், சிமுலேட்டர் விமானத்தை ஒன்றில் அந்தரத்தில் இருந்து போடும், இல்லாவிட்டால் நிலத்துக்குள் புதைத்துவிட்டு வெளியே உதைக்கும். இங்கே நடந்தது புதைத்து உதைத்தது. உயரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் சிமுலேட்டரை மூடித் திறக்கத் தேவையில்லை. கீ அமைப்புகளில் விமானத்தை மறுபடி ஏற்றும் கட்டளை ஒன்று எந்தக் கீயும் கொடுக்கப்படாமல் இருக்கும். அதற்கு ஒரு கீயைக் கொடுத்துவிட்டால், நோட்பேடில் சேவ், சிமுலேட்டரில் ஒரு தட்டு, அவ்வளவுதான். இது தெரியாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், பைத்தியம் பிடித்துவிடும். அப்புறம், எப்எஸ்எக்ஸை புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள் போடவேண்டாம். விண்டோஸ் அதற்குள் எதையும் லேசில் திருத்த விடாது. எனது டி டிரைவில் தனியாக இருக்கிறது. திருத்த முன்பு பைலின் ஒரு கொப்பியைப் பக்கத்தில் வைப்பதும் நல்லது.

கொக்பிட்டில் நாலைந்து மீட்டர்களுக்குப் பதிலாகக் கறுப்பு ஓட்டைகள் இருந்தன. 2004 பதிப்பில் பழங்கால விமானங்கள் நிறைய வந்தன: விக்கர்ஸ் விமி, போர்ட் டிரைமோட்டர், லொக்ஹீட் வேகா. இந்த ஸ்வோர்ட்பிஷ்ஷைச் செய்தவர் அவற்றின் மீட்டர்களை இரவல் எடுத்திருந்தார். எப்எஸ்எக்ஸில் அந்த விமானங்களும் இல்லை, மீட்டர்களும் இல்லை. பனல்.சிஎப்ஜி பைலில் அந்த வரிகளை எப்எஸ்எக்ஸின் டக்ளஸ் டிசி-3 மீட்டர்களுக்கு மாற்றினேன். பிரித்தானியக் கடற்படை விமானத்துக்குள் அமெரிக்க மீட்டர்! கண்டுபிடிப்பவர்கள் கண்டுபிடிக்கட்டும். இன்னொன்று, புதிய மீட்டர் முதன்முதலில் ஏறும்போது இதை நம்பலாமா என்று எப்எஸ்எக்ஸ் கேட்கும். வேண்டாம் என்று ஒருமுறை அழுத்திவிட்டால் அந்த மீட்டர் பிறகு ஏறாது, திரும்பக் கேட்கவும் கேட்காது. எப்எஸ்எக்ஸ்.சிஎப்ஜியில் டிரஸ்டெட் என்ற பகுதியில் அதற்குரிய வரியை அழித்தால் மறுபடி கேட்கும்.

சத்தமும் இல்லை. இதுவும் இரவல் கதைதான். சவுண்ட் போல்டருக்குள் ஒரே ஒரு சின்னப் பைல், "டிசி-3 போல்டரில் போய் எடு" என்று ஒரு வரி. 2004 பதிப்பில் அந்தப் போல்டருக்கு இருந்த பெயர் வேறு, எப்எஸ்எக்ஸில் முன்னால் டக்ளஸ் என்று சேர்ந்திருக்கிறது. பெயரைத் திருத்தியதும் சத்தம் வந்தது. இரட்டை எஞ்சின் விமானத்தின் சத்தம், பெகசஸ் அல்ல. ஆனால் ஆறுதலான, தாழ்ந்த உறுமல். அம்மா இதற்கு ஒன்றும் சொல்வதில்லை.

சுழலும் புரொப்பெல்லரின் வட்டத்துக்குள் முகில்கள் மறைந்துபோவது பழைய மொடல்களுக்கே உரிய வியாதி. மொடலுக்குள் கைவைக்க முடியாது, அதனால் புரொப்பெல்லர் வட்டத்தின் படத்தை டிஎக்ஸ்டிபிஎம்பி என்ற சின்ன மென்பொருளில் திறந்து முழுக்கக் கண்ணாடியாக்கிவிட்டேன். முகில்கள் அந்த வட்டத்துக்குள் இன்னும் காணாமல்தான் போகின்றன, கண்ணுக்கு உறுத்துவது மட்டும் குறைந்தது. இதற்கு முழுத் தீர்வு இல்லை.

ஜொய்ஸ்டிக் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கல்லடிக் கடற்கரைக்குக் கிட்ட இருக்கும் வீடு, யன்னல் எப்போதும் திறந்துதான் இருக்கும். உப்புக் காற்று ஜொய்ஸ்டிக்கின் அடியில் இருக்கும் திருகு ரடரைத்தான், அதாவது ஸ்டிக்கைத் திருகி விமானத்தின் மூக்கை இடம்வலம் திருப்பும் பகுதியைத்தான், முதலில் தின்னும். ஜெட்டில் இது தெரியாது. வால் சக்கரம் தன்பாட்டில் திரும்பும் விமானத்தில் ரடர் சும்மா நடுங்கினால் ஓடுபாதையிலேயே ஒரு வட்டம் அடித்துவிடும். ஸ்வோர்ட்பிஷ் இடப்பக்கம் இழுக்கிறது என்று பலர் ஆட்-ஓனைத் திட்டுவார்கள். முதலில் விண்டோஸின் கலிபிரேஷன் பெட்டியைத் திறந்து, கை வைக்காமல் அந்தக் கோடு அசைகிறதா என்று பாருங்கள். என்னுடையது அசைந்தது. கழற்றி கொன்டாக்ட் கிளீனர் அடித்து, சிமுலேட்டரில் நடுப்பகுதியின் அசைவு கணக்கில் வராதபடி நல் சோனைக் கொஞ்சம் கூட்டினேன். கச்சான் அடிக்கும் மாதங்களில் தூசியும் சேர்ந்துவிடும், மறுபடி கழற்றவேண்டும்.

நீண்ட ஓட்டத்தில் இன்னொரு தொல்லை நினைவகம். எப்எஸ்எக்ஸ் 32 பிட் மென்பொருள். கணினியில் எவ்வளவு ராம் இருந்தாலும் அதற்கு 4 ஜிபிக்கு மேல் எட்டாது. யாரோ ஒருவர் செய்த பெரிய அளவுப் பெயின்டை (விமானத்தின் மேல் போர்த்தும் நிறப் படத்தை) ஸ்வோர்ட்பிஷ்ஷுக்குப் போட்டு, கூடவே நிலக்காட்சி ஆட்-ஓன்களும் இருந்தால், வாகரைக்கு மேலே போகும்போது "டிங்" என்று ஒரு சத்தம் வரும், பிறகு எல்லாம் மூடும். பெயின்டைச் சிறியதாக்கினேன், போய்விட்டது. 2022 இல் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட நாட்களில் இந்த "டிங்" பிரச்சினையே இல்லை, கரண்ட் அதற்கு முதலே போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகு பறப்பு எப்படி? சீனக்குடாவில் இருந்து மட்டக்களப்பு நேர்கோட்டில் கிட்டத்தட்ட 60 கடல்மைல். 90 நொட் (மணிக்கு 90 கடல்மைல்) வேகத்தில் நாற்பது நிமிடம். மச்சானின் ஜெட்டுக்கு இது ஐந்தாறு நிமிட வேலை. ஆனால் ஐந்து நிமிடத்தில் கரையைப் பார்க்க முடியாது. ஆயிரம் அடியில், கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வெருகல், வாகரை, பனிச்சங்கேணி, கல்குடா என்று இறங்கி வருவதில்தான் இந்த விமானத்தின் ருசி. எப்எஸ்எக்ஸின் நிலம் பொதுவான வயலும் காடும் ஒட்டிய படங்கள்தான், கல்லடிப் பாலமும் இல்லை, பாலமீன்மடு வெளிச்சவீடும் இல்லை. கரையின் வளைவை வைத்துத்தான் ஊரை மதிக்கவேண்டும். மெதுவாகப் போகும்போது அதுவே விளையாட்டாகிவிடுகிறது.

தரையிறக்கம் மிக லேசு. இறக்கை அவ்வளவு பெரிது, இறங்கு இறங்கு என்று கெஞ்சினாலும் மிதந்துகொண்டே இருக்கும். சக்கரம் தொட்ட பிறகுதான் கவனம் வேண்டும், ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து வாலை அமுக்கிப் பிடிக்காவிட்டால் மேலே சொன்ன வட்டம்தான். டோர்பிடோ கழன்று விழாது, வெறும் அலங்காரம். பின்னால் இருக்கும் சூட்டாளர் அசையமாட்டார். சண்டை போடத்தான் இராணுவ விமானம் என்பவர்களுக்கு இது ஏமாற்றம், அவர்கள் டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டர் பக்கம் போகலாம்.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். இப்படிப் பழைய, 32 பிட் மீட்டர் பைல்களில் தங்கியிருக்கும் விமானத்தை 64 பிட் சிமுலேட்டருக்குக் கொண்டுபோனால் அந்த மீட்டர்கள் ஏறவே ஏறாது. 2017 இல் பிரிபெயார்3டி என்ற சிமுலேட்டரின் நான்காம் பதிப்பு 64 பிட்டுக்கு மாறியபோது இலவச விமானங்கள் பலவற்றுக்கு நடந்தது அதுதான். எனவே புதுக் கணினி வாங்குகிறவர்கள் ஸ்வோர்ட்பிஷ்ஷுக்காக எப்எஸ்எக்ஸையும் பக்கத்தில் வைத்திருக்கவேண்டும். இடம் பெரிதாகப் பிடிக்காது. புதிதாகப் போடுபவர்கள் முதலில் எப்எஸ்எக்ஸின் சொந்த செஸ்னாவில் பறப்பைத் திறந்து, பிறகு ஸ்வோர்ட்பிஷ்ஷுக்கு மாறுங்கள். நேரே திறந்தால் முந்திய ஆட்-ஓன் விட்டுப்போன அமைப்புகளோடு எழும்பி, இல்லாத கோளாறை எல்லாம் காட்டும்.