ஃபின்னிஷ் சொற்களின் பூர்விகம் சொல்லும் இணைய அகராதி

ஃபின்லாந்தின் மொழி ஆய்வு நிறுவனமான கோட்டுஸ், ஃபின்னிஷ் சொற்பிறப்பியல் அகராதி ஒன்றை இணையத்தில் கட்டணமின்றி வழங்குகிறது. 1992 முதல் 2000 வரை மூன்று தொகுதிகளாக அச்சில் வந்த பெரிய அகராதியே இதற்கு அடித்தளம். ஃபின்னிஷ் கற்பவர்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

தாயைக் குறிக்கும் 'ஆய்த்தி' என்னும் சொல்லிலிருந்து தொடங்கலாம். வீட்டில் நாள்தோறும் புழங்கும் இந்தச் சொல்லும், ஜெர்மன், ஆங்கிலம், ஸ்வீடிஷ் முதலியவை அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலிருந்து பழங்காலத்தில் வந்த கடன்சொல்தான். அக்குடும்பத்தைச் சேர்ந்த, இன்று வழக்கொழிந்த காதிக் மொழியிலும் தாய்க்கு இதையொத்த சொல் இருந்தது. பூர்விகச் சொல்லான 'எமா' அண்டை மொழியான எஸ்டோனியத்தில் இன்றும் தாயையே குறிக்க, அதன் உறவுச் சொல்லான 'எமோ' ஃபின்னிஷில் விலங்குகள், பறவைகளின் தாயைச் சுட்டும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு மொழி தன் தாய்ச்சொல்லையே மாற்றிக்கொண்ட இந்த வரலாற்றை அறிவதற்காகவே இந்த அகராதியைத் திறக்கலாம் என்பேன்.

அரசனைக் குறிக்கும் 'குனிங்கஸ்' அதைவிட வியப்பானது. ஜெர்மானிய மொழிகளுக்கெல்லாம் மூதாதையான மூல ஜெர்மானியத்தில் இருந்ததாக அறிஞர்கள் மீட்டமைத்த 'குனிங்கஸ்' என்ற வடிவம், ஸ்வீடிஷிலும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் தேய்ந்து ஈற்றை இழந்துவிட, கடன் வாங்கிய ஃபின்னிஷோ அந்த ஈற்றை இன்றுவரை காத்து வைத்திருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான சொற்களும் உண்டு. சுத்தியலைக் குறிக்கும் 'வஸரா'வும் நூறு என்னும் 'ஸத்தா'வும் பண்டைய இந்தோ-ஈரானிய மொழி பேசியவர்களிடமிருந்து வந்தவை. நமக்கு வடமொழி வழியாக வந்த வச்சிரமும் சதமும் இவற்றின் உறவுகளே. மீனைக் குறிக்கும் 'கலா', நீரைக் குறிக்கும் 'வெஸி' போன்றவை கடன் அல்ல. ஃபின்னிஷின் தூரத்து உறவு மொழியான ஹங்கேரியத்திலும் இவற்றுக்கு இனச்சொற்கள் உள்ளன. மின்சாரத்துக்கான 'ஸாஹ்கோ' 1845இல் சாமுவேல் ரூஸ் என்பவர் புதிதாக ஆக்கிய சொல்.

உறுதியில்லாத தொடர்புகளுக்கு முன் கேள்விக்குறி இட்டிருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். சொல்லாராய்ச்சியில் ஒலியொற்றுமையை மட்டும் நம்பி முடிவு கட்டுபவர்கள் மிகுந்துள்ள காலத்தில், இந்த நேர்மை ஆசிரியர்கள் மீது நம்பிக்கையை வளர்க்கிறது.

விளக்கங்கள் ஃபின்னிஷிலேயே உள்ளன. மொழிப் பெயர்களுக்கான சுருக்கக்குறிகளும் நெருக்கமாக வருவதால், தொடக்கநிலை மாணவர்கள் குறிகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. அச்சுத் தொகுதிகளுக்குப் பின்னர் ஆய்வுகள் வெகுதூரம் வளர்ந்துள்ளமையால், சிக்கலான சொற்களுக்கு அண்மைக்கால ஆய்வுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சொல்லின் இன்றைய பொருள் மட்டும் தேவைப்படுவோருக்கு இந்த நிறுவனமே வெளியிடும் தற்கால ஃபின்னிஷ் அகராதி போதும். அதுவும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.