பீன்யால எங்க மெஷின் ஷாப்புக்கு எடுத்த சேஃப்டி ஆடிட் சர்வீஸ், ரெண்டு நாள் அனுபவம்

எங்களோடது பீன்யா செகண்ட் ஸ்டேஜ்ல ஒரு மெஷின் ஷாப். 26 பேர், நாலு லேத், ரெண்டு சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடற மெஷின்), தகட்டை அடிச்சு வெட்டற ஒரு பவர் பிரஸ், ட்ரில்லிங், ஒரு மூலைல வெல்டிங். நான் அங்க சூப்பர்வைசர், ஊரு கிருஷ்ணகிரி பக்கம், பெங்களூர் வந்து 14 வருஷம் ஆச்சு. கஸ்டமர் சைடுல இருந்து ஆடிட்டுக்கு வர்றோம்னு மெயில் வந்ததும் எங்க ஓனர் ஒரு சேஃப்டி சர்வீஸை கூப்ட்டாரு. ரெண்டு நாள், 22 ஆயிரம் ப்ளஸ் ஜிஎஸ்டி. குறையும் சொல்லப்போறேன், அதனால பேர் போடலை. ஆனா நம்மளை மாதிரி சின்ன ஷாப்புல இருக்கறவங்க இந்த மாதிரி சர்வீஸ் எடுக்கும்போது எதை கவனிக்கணும்னு தெரியணும், அதுக்குத்தான் இவ்ளோ டைப் பண்றேன்.

வந்தவரு மைசூர்க்காரர், அறுபது வயசு இருக்கும், கன்னடம் தமிழ் ஹிந்தி மூணுலயும் பேசறாரு. ஹெல்மெட் எங்க, ஷூ எங்கன்னு ஆரம்பிப்பாருன்னு நெனச்சேன், அவரு மொதல்ல கேட்டது ஃபர்ஸ்ட் எய்ட் ரெஜிஸ்டர். ஆறு மாச எண்ட்ரியை விரல் வச்சு எண்ணிட்டே வந்தாரு, கை கீறல் 9, அதுல 7 லேத் பக்கம். "சார், உங்க ஹிராவை நீங்களே எழுதி வச்சிருக்கீங்க, நான் என்ன புதுசா எழுதறது"ன்னாரு. ஹிரான்னா (HIRA) எங்க என்ன ஆபத்து, எவ்ளோ பெருசுன்னு கணக்கெடுத்து எழுதறது. அந்த ரெஜிஸ்டரை நான் தெனமும் பாக்கறேன், பிளாஸ்டர் தீந்துச்சான்னு மட்டும்தான் பாத்திருக்கேன்.

அப்புறம் எங்க பழைய எச்.எம்.டி. லேத் பக்கத்துல அரை மணி நேரம் சும்மா நின்னாரு. பையன் ஜாபுல, அதாவது லேத்ல மாட்டி கடையற துண்டுல, சுத்திக்கிட்ட இரும்புச் சுருளை கையால இழுக்கறான், சுருள்னா பிளேடு மாதிரி இருக்கும், லேத்ல வேலை பாத்தவங்களுக்கு தெரியும். நான் போயி க்ளவுஸ் போடுடான்னேன், அவரு உடனே தடுத்துட்டாரு. சுத்தற ஸ்பிண்டில் கிட்ட க்ளவுஸ் போட்டா துணி மாட்டி கையையே உள்ள இழுத்துரும், வெறுங்கைன்னா கீறலோட போகும், க்ளவுஸோட மாட்டினா மணிக்கட்டே போகும்னாரு. ட்ரில்லிங்க்கும் இதேதானாம். அப்புறம் ஆபரேட்டர்கிட்ட ஃபீடை (வெட்டற டூல் நகர்ற வேகம்) கொஞ்சம் ஏத்தச் சொல்லி, சிப் பிரேக்கர், அதாவது சுருளை ஒடைக்கற பள்ளம், இருக்கற இன்சர்ட்டை (டூல் முனைல மாட்டற வெட்டற துண்டு) மாத்திப் போடச் சொன்னாரு. சுருள் நீளமா வராம துண்டு துண்டா ஒடஞ்சு ட்ரேல விழுந்துச்சு. இழுக்கறதுக்கு சுருளே இல்ல! மிச்சம் மீதி இருக்கறதை மெஷினை நிறுத்திட்டு, கைப்பிடில தடுப்பு வச்ச கொக்கியால எடுக்கணும்னாரு.

எனக்கு அந்த ஒரு நிமிஷத்துலயே கொடுத்த காசு வசூலாயிருச்சு. ஆபத்தையே எடுத்துட முடியுமா, முடியலைன்னா வேற பொருள், வேற முறை இருக்கா, அதுவும் இல்லைன்னா மெஷின்லயே தடுப்பு, அப்புறம் வேலை செய்யற ஒழுங்கு, கடைசியாத்தான் கண்ணாடி க்ளவுஸ் எல்லாம். இந்த வரிசையை ஐடிஐல படிச்சிருக்கோம், ஷாப்புல தலைகீழாத்தான் செய்யறோம். மார்ச் 4 சேஃப்டி டே அன்னிக்கு பேட்ஜ் குத்தி உறுதிமொழி வாசிக்கறோம், அது நல்ல விஷயம்தான், ஆனா அன்னிக்கும் அந்த சுருள் அங்கேயேதான் தொங்கிட்டு இருந்துச்சு.

பவர் பிரஸ்ல ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் ஸ்ட்ரோக் அடிக்கணும். எங்களதுல ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டி வச்சிருந்துச்சு. எனக்குத் தெரியும், பாத்துட்டு விட்டுட்டேன், அதை மறைக்கறதுல அர்த்தம் இல்ல. அவரு பையனை திட்டலை, ஏன்டா தம்பின்னு கேட்டாரு. ஒடிசா பையன், ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ்னு எண்ணிக்கை வச்சா ஒரு கைல பீஸ் எடுத்துட்டே அடிச்சாத்தான் ஆகும்னு சொன்னான். தப்பு எங்க இருக்குன்னு அப்பத்தான் புரிஞ்சுது. ஓனரை கூட்டிட்டு வந்து நிக்க வச்சு எண்ணிக்கையை கொறைங்கன்னு நேராவே சொன்னாரு. கூடவே ரெண்டு பட்டனும் அரை செகண்டுக்குள்ள சேந்து அமுங்கணும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ரெண்டையும் விட்டுட்டு அமுக்கணும்னு பாக்கற ரிலே ஒண்ணு எழுதிக் கொடுத்தாரு, அதை மாட்டினா டேப் வேலைக்காகாது. மெஷினோட ஆபத்தான பாகத்துக்கு தடுப்பு வைக்கணும்னு 1948 பேக்டரீஸ் ஆக்ட்லயே 21-வது பிரிவு இருந்துச்சு, புதுசா யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல.

பெஞ்ச் கிரைண்டர்ல புது வீல் மாட்டறதுக்கு முன்னாடி அதை ஓட்டைல ஒரு குச்சி விட்டு தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால தட்டிக் காட்டினாரு. நல்ல வீல் கிண்ணுன்னு மணி மாதிரி சத்தம் கொடுக்குது, ஸ்டோர்ல கீழ விழுந்து கெடந்த ஒண்ணு தொப்புன்னு கேட்டுச்சு, கண்ணுக்கு விரிசலே தெரியலை. அதை அங்கேயே ஒடச்சுப் போட்டாரு. டூல் ரெஸ்ட்டுக்கும் (பீஸை சாய்ச்சு வைக்கற தாங்கி) வீலுக்கும் நடுவுல 3 மிமீக்கு மேல இடைவெளி இருக்கக்கூடாதாம், எங்களதுல ஒரு விரலே நுழையற அளவுக்கு இடைவெளி இருந்துச்சு.

சத்தம் அளந்தப்போ ஃபெட்லிங் (பீஸ்ல இருக்கற பிசிறு எடுக்கற வேலை) பக்கம் 93 டெசிபல். எட்டு மணி நேரத்துக்கு நம்ம நாட்டு வரம்பு 90, 3 டெசிபல் ஏறினாலே சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு. காதுக்கு மஃப் வாங்கச் சொன்னாரு, அதுக்கு முன்னாடி பீஸ் விழற இரும்புத் தொட்டிக்குள்ள ரப்பர் ஷீட் ஒட்டச் சொன்னாரு. ஒட்டினோம், வித்தியாசம் காதுக்கே தெரியுது.

இப்ப குறை. ரிப்போர்ட் ஒரு வாரம்னு சொல்லி 18 நாள் கழிச்சு வந்துச்சு, போன் எடுக்கலை. 48 பக்கம், மொத்தமும் இங்கிலீஷ், எங்க ஆளுங்கள்ல அதை படிக்கறவங்க மூணு பேர். உள்ள ஆசிட் டேங்க் பத்தி ஒரு பக்கம் வேற, எங்ககிட்ட ஆசிட் டேங்கே இல்ல, வேற கம்பெனி ரிப்போர்ட்டை எடுத்து மாத்தியிருக்காங்க. நேர்ல இவ்ளோ நல்லா பாத்த மனுஷனோட வேலையை ஆபீஸ்ல இருக்கறவங்க கெடுத்துட்டாங்கன்னுதான் எனக்கு வருத்தம். நைட் ஷிஃப்ட் பக்கம் எட்டியே பாக்கலை, ஆள் கம்மியா தூக்கக் கலக்கத்துல இருக்கற நேரம் அதுதானே?

எலெக்ட்ரிக்கல் பேனலும் மேலோட்டமாத்தான். பூட்டு விஷயம், அதாவது மெஷின்ல கை வைக்கும்போது மெயின் சுவிட்சுக்கு பூட்டு போடறது, நானே கேட்டு வாங்கினேன், அதுக்கு காரணம் இருக்கு. முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒரு தம்பி மெஷினுக்குள்ள கை விட்டு கிளீன் பண்ணிட்டு இருந்தான், மெயின்ல வேலை நடக்குதுன்னு அட்டை தொங்கிட்டுதான் இருந்துச்சு, ஷிஃப்ட் மாறி வந்தவரு அட்டையை நகத்திட்டு ஆன் பண்ணிட்டாரு. ஆள்காட்டி விரல்ல ரெண்டு கணு போச்சு. அவனை ஆட்டோல கூட்டிட்டுப் போனது நான்தான். அதனால எங்க ஷாப்புல இப்ப மெயின்டனன்ஸ் ஆளுக்கு ஆளுக்கொரு பூட்டு, சாவி அவங்கவங்க பாக்கெட்ல, ரெண்டு பேர் வேலை பாத்தா ரெண்டு பூட்டும் தொங்கணும்.

அஞ்சுக்கு மூணரை கொடுப்பேன். எடுக்கறவங்க பணம் கட்டறதுக்கு முன்னாடி நைட் ஷிஃப்ட் பாப்பீங்களா, ரிப்போர்ட்ல ஆபரேட்டர் படிக்கற மொழில ஒரு பக்கமாவது தருவீங்களா, தேதி என்னன்னு எழுதி வாங்கிருங்க. நான் அந்த 48 பக்கத்துல எங்களுக்கு வேண்டியதை மட்டும் தமிழ், கன்னடம், ஹிந்தில ஆளுங்களை வச்சு எழுதி மெஷின் பக்கத்துல ஒட்டிட்டேன், ஒடியாவுல எழுத ஆள் தேடிட்டு இருக்கேன். பிரஸ் ரிலே போன வாரம் மாட்டியாச்சு. இந்த மாசம் லேத் பக்கம் ரெஜிஸ்டர்ல ஒரு எண்ட்ரி கூட இல்ல.