ஓடிக்கொண்டிருக்கும் போயின்க்கை மாற்றுவதா, அப்படியே விடுவதா?

கணினியின் ஓய்வு நேரத்தை அறிவியல் திட்டங்களுக்குக் கொடுத்துவரும் தன்னார்வலர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆண்டர்சன் தலைமையில் உருவான போயின்க் மென்பொருளையே. அது மாதக்கணக்கில் பிழையின்றி ஓடிக்கொண்டிருக்கும்போது, புதிய பதிப்பு வெளிவந்திருப்பதாக ஓர் அறிவிப்பு வருகிறது. இருப்பதிலேயே நீடிப்பது, பரிந்துரைக்கப்பட்ட புதிய பதிப்புக்கு மாறுவது, சோதனைப் பதிப்பை எடுத்துக்கொள்வது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது புதிய பதிப்பில் என்ன வசதி சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் பலர் முதலில் பார்க்கிறார்கள். என் கருத்தில், கணினியில் இந்நேரம் எந்தப் பணி பாதியில் நிற்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

புதிய பதிப்பு கணக்கை வேகமாக முடிக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது; அது சரியல்ல. எடுத்துக்காட்டாக, ஐன்ஸ்டைன்@ஹோம் என்ற திட்டத்தில் பல்சார்கள் எனப்படும் துடிப்பு விண்மீன்களைத் தேடும் கணக்கைச் செய்வது அத்திட்டமே அனுப்பிவைக்கும் தனி நிரல்தான். போயின்க் அந்த நிரலையும் தரவையும் இறக்கி, எந்தப் பணி எப்போது ஓட வேண்டும் என்று முடிவெடுத்து, விடையைத் திருப்பி அனுப்பும் மேலாளர் மட்டுமே. மேலாளரை மாற்றுவதால் கணக்கிடும் நிரல் மாறுவதில்லை. ஆகவே வேகத்துக்காக மட்டும் மேம்படுத்த நினைப்பவர், தம் வரைகலை அட்டையைப் பழைய பதிப்பு அடையாளம் காணவில்லை என்பது போன்ற தெளிவான காரணம் இல்லாதவரை, பழையதிலேயே தயங்காமல் இருக்கலாம்.

இருப்பதிலேயே நீடிப்பதன் வலிமை, பாதியில் நிற்கும் பணிகளைக் காப்பதில் இருக்கிறது. மேம்படுத்தும்போது மென்பொருள் நின்று மறுபடி தொடங்கும். அப்போது ஒவ்வொரு பணியும் தன் கடைசிச் சேமிப்புப் புள்ளியிலிருந்துதான் தொடரும். சில நிரல்கள் நிமிடத்துக்கு ஒருமுறை நிலையைச் சேமிக்கின்றன. சில வெகுநேரம் சேமிப்பதில்லை. சேமிக்கவே செய்யாத பணி முதலிலிருந்து ஓட வேண்டியதுதான். காலநிலைக் கணிப்புத் திட்டமான கிளைமேட்பிரெடிக்‌ஷன்.நெட் தரும் ஒரு பணி வாரக்கணக்கில் ஓடக்கூடியது. அத்தகைய பணி ஒன்று ஏறக்குறைய முடியும் நிலையில் இருந்தபோது, பொறுமையின்றி நான் புதிய பதிப்பை நிறுவி அதை இழந்தேன். இத்தகைய இழப்பு எப்போதும் நம்மோடு முடிந்துவிடுவதும் இல்லை. பல திட்டங்கள் ஒரே பணியை இரண்டு கணினிகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்கின்றன. அங்கே நம் விடை வராதபோது, அதே பணியைச் செய்துமுடித்த முகம் தெரியாத இன்னொருவரின் உழைப்பும் மூன்றாவது கணினி ஒன்று அதைச் செய்துமுடிக்கும்வரை காத்துக்கிடக்க வேண்டியதாகிறது.

ஆனால் நம் கணினியில் எதையும் மாற்றாவிட்டாலும் வெளியுலகம் மாறிக்கொண்டேயிருக்கிறது என்பதை நீடிக்க விரும்புபவர் மறக்கக் கூடாது. திட்டச் சேவையகங்களோடு பாதுகாப்பாகப் பேசுவதற்கு, சேவையகங்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் நம்பத்தக்க சான்றிதழ் வழங்குநர்களின் பட்டியல் ஒன்று போயின்க்கோடு சேர்ந்தே வருகிறது. 2020 மே 30 அன்று அப்பட்டியலிலிருந்த ஆட்டிரஸ்ட் மூலச் சான்றிதழும், 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்கிரிப்ட் என்ற வழங்குநர் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழும் காலாவதியானபோது, நேற்றுவரை குறையின்றி ஓடிய பழைய பதிப்புகள் சில திட்டங்களோடு தொடர்புகொள்ள முடியாமல் நின்றன. முடிந்த விடைகள் கையில் இருந்தும் அனுப்ப வழியில்லை, காலக்கெடுவோ ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியல் கோப்பை மட்டும் மாற்றிச் சமாளித்தவர்களும் உண்டு என்றாலும், பெரும்பாலோருக்கு மேம்படுத்துவதே எளிய தீர்வாக இருந்தது. இணையத்திலிருந்து நிரல்களை இறக்கி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்ட மென்பொருள் இது. அதனுள் இருக்கும் பிணையத் தொடர்பு நூலகங்களில் பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால், நிலையாக ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை அப்படியே விட்டுவைப்பது பொறுப்பான செயல் ஆகாது.

பரிந்துரைக்கப்பட்ட புதிய பதிப்புக்கு மாறுவதை எடைபோடும்போது, எத்தனை தூரம் தாவுகிறோம் என்பது முக்கியம். பதிப்பு எண்ணின் முதல் எண் மாறாமல் ஒரே வரிசைக்குள் நடக்கும் சிறு நகர்வு பொதுவாகத் தொல்லை தருவதில்லை. அந்த முதல் எண் மாறும்போதுதான் பழக்கமான நடத்தையும் மாறுகிறது. ஆறாம் வரிசை வந்தபோது விண்டோஸில் நிரல் ஓரிடம், தரவு வேறிடம் என்று பிரிந்தது. ஏழாம் வரிசையில், முன்கூட்டியே இறக்கிவைக்கும் பணிகளின் இருப்பை நிரப்பும் முறை மாறியது. இருப்பு குறைந்தபட்ச அளவுக்கு இறங்கும்வரை காத்திருந்து, பிறகு உச்ச அளவுவரை ஒரே மூச்சில் நிரப்பத் தொடங்கியதால், அமைப்புகளைத் தொடாமல் தாவியவர்களின் கணினிகள் எதிர்பாராத அளவில் பணிகளை வாங்கின. நிறுவியின் ஒரு தெரிவும் கவனத்துக்கு உரியது. விண்டோஸில் போயின்க்கைப் பின்னணிச் சேவையாக நிறுவினால் அது வரைகலை அட்டையைப் பயன்படுத்த முடியாது. மேம்படுத்தும் அவசரத்தில் அந்தக் கட்டத்தைத் தேர்ந்துவிட்டவர்கள் புதிய பதிப்பே பழுது என்று நினைத்துவிடுகிறார்கள்.

சோதனைப் பதிப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிழைகளைத் தேடிப்பிடித்து உருவாக்குநர்களுக்கு எழுத நேரமும் மனமும் உள்ளவருக்கே அது உரியது. அவருடைய தொண்டு மிகப் பெரியது. ஆனால் அதை ஒரு தனிக் கணினியில், குறுகிய பணிகளைத் தரும் திட்டங்களோடு மட்டும் ஓட்டுவது நல்லது.

லினக்ஸ் பயனர்களுக்குக் கேள்வி சற்று வேறு வடிவில் வருகிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல் தரும் போயின்க் தொகுப்பு மெதுவாகவே புதுப்பிக்கப்படும். ஆனால் கணினியின் மற்ற பகுதிகளோடு பொருந்தி வரும், பாதுகாப்புத் திருத்தங்களும் அந்த வழியிலேயே வந்துசேரும். போயின்க் குழுவே வெளியிடும் தொகுப்பு புதிதாக இருக்கும். தானியங்கிப் புதுப்பிப்பு இயங்கும் கணினியில் தொகுப்பு மாறும்போது சேவை தானாகவே நின்று தொடங்கக்கூடும் என்பதால், நீண்ட பணிகளை ஓட்டுபவர் அந்தப் புதுப்பிப்பைத் தானாக நடக்க விடாமல் தம் கையால் செய்வது நல்லது. ஒரு மூலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுமுன் தரவுக் கோப்புறை எங்கே இருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் புதிய பதிப்பு வெறுங்கையோடு தொடங்கும்.

செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சி@ஹோம் போன்ற திட்டங்களில் பங்கேற்பவர், கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸையும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கே சில பணிகள் அந்த மெய்நிகர் கணினிக்குள் ஓடுகின்றன. அப்பணிகள் இடைநிறுத்தப்பட்டிருக்கையில் விர்ச்சுவல்பாக்ஸை மாற்றினால், சேமித்துவைத்த நிலையைப் புதிய பதிப்பு ஏற்காமல் போகும் அபாயம் உண்டு. போயின்க்கையும் விர்ச்சுவல்பாக்ஸையும் ஒரே நாளில் மாற்றவும் கூடாது. ஏதேனும் தவறினால் காரணம் எதுவென்று பிரித்தறிய இயலாது.

இத்தனையும் பார்த்த பிறகு நான் பின்பற்றும் முறை இதுதான். சான்றிதழ், பாதுகாப்பு, பங்கேற்கும் திட்டம் குறைந்தபட்சப் பதிப்பைக் கேட்பது, புதிய வன்பொருள் ஆகிய காரணங்களில் ஒன்று இருந்தால் மட்டுமே மாற்றுகிறேன். முடிவெடுத்தபின் ஒவ்வொரு திட்டத்துக்கும் ‘புதிய பணி வேண்டாம்’ என்ற தெரிவை இட்டு, கையிலுள்ளவை முடிந்து விடைகள் சேவையகத்தை அடையும்வரை காத்திருக்கிறேன். பிறகு போயின்க்கை முழுமையாக நிறுத்தித் தரவுக் கோப்புறையை நகலெடுக்கிறேன். அந்த நகலை மீட்பதிலும் கவனம் தேவை: சேவையகம் ஒவ்வொரு தொடர்பையும் வரிசை எண்ணிட்டு வைத்திருப்பதால், புதிய பதிப்பு ஒருமுறை தொடர்புகொண்டபின் பழைய நகலை வைத்தால் எண் பின்னோக்கிப் போய், நம் கணினி புதிய கணினியாகப் பதிவாகிவிடும். எனவே நிறுவி முடித்ததும் பிணையத் தொடர்பை நிறுத்திவைத்து, திட்டங்களும் அமைப்புகளும் வரைகலை அட்டையும் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டே வெளியே பேச விடுகிறேன். பல கணினிகள் வைத்திருப்பவர் முதலில் ஒன்றில் மட்டும் இதைச் செய்து, அதன் விடைகள் சில சேவையகத்தில் சரிபார்க்கப்பட்டு ஏற்கப்படும்வரை மற்றவற்றைத் தொடாமல் இருக்கலாம்.