பழைய அலமாரியைப் புதுப்பிக்கக் கொடுக்கிறீர்களா? பெயின்ட் அடிக்கும் முன் ஒருமுறை போய்ப் பாருங்கள்

எதிர் வீட்டார் காலி செய்து போகும்போது, வண்டியில் இடமில்லை என்று நாலு டிராயர் வைத்த தேக்கு அலமாரி ஒன்றை மாடிப்படிக்குக் கீழே விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு கைப்பிடி இல்லை, பின்பலகை பிரிந்திருந்தது. மற்றபடி வைரம் பாய்ந்த கட்டை. மகளின் உடுப்பு, கலர் பென்சில், விளையாட்டுச் சாமான் எல்லாம் வைக்க இதைவிட நல்லது கிடைக்காது என்று, பழைய மரச் சாமானைப் புதுப்பித்துத் தரும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். கூலி 8,000 ரூபாய், முன்பணம் 5,000. ரசீது கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் வெளிர் பச்சைப் பெயின்ட்டும் மஞ்சள் கைப்பிடியுமாக வந்து இறங்கியது. மகள் குதித்த குதியில் மீதிப் பணத்தையும் உடனே கொடுத்துவிட்டேன்.

இருபது நாள் இருக்கும். கீழ் டிராயரில் கதைப் புத்தகத்தின் மேல் மாவு சலித்துக் கொட்டியது போல வெளிர் மஞ்சள் தூள். துடைத்தேன். மறுநாள் காலையில் அதே இடத்தில் மறுபடியும். டிராயரை உருவிக் கவிழ்த்தால் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள். உளுத்த மரம்! அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அந்த டிராயரின் அடிப்பலகையில் யாரோ எப்போதோ மை கொட்டி, உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறை இருந்தது. பலகையின் மறுபக்கம் வரை ஊறிய கறை. அதைக் காணவே காணோம்.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தால், "தேய்ச்சதுல போயிருக்கும்க்கா. தேக்குலயும் பூச்சி வரும்" என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பெரிய ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உளியால் ஓரத்தில் பெயின்ட்டைச் சுரண்டினார். உள்ளே வெளுத்த மரம். "ரப்பர் மரம்மா, மருந்து ஏத்தாத கட்டை" என்றார். தேக்கில் வெளிப்பக்க வெள்ளைக் கட்டையில் உளு விழும், நடுவில் இருக்கும் வைரத்தை லேசில் தொடாது என்றும் சொன்னார். அலமாரியின் சட்டம் மட்டும்தான் என் தேக்கு. நாலு டிராயரும் மாறியிருந்தன. சுவரோடு சேர்த்துப் பிடிக்க எல் கிளாம்ப் போட்டுத் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொன்னதும் பேச்சோடு சரி. இரண்டு டிராயரை ஒன்றாகத் திறந்தாலே முன்னால் சாய்கிறது. குழந்தை இருக்கும் அறையில்!

பெயின்ட் விஷயம்தான் என்னை இன்னும் தூங்கவிடவில்லை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2017 நவம்பர் முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. அடித்தது எந்த டப்பா என்று எனக்குத் தெரியாது. அந்த விதிக்கு முந்தைய பழைய பெயின்ட் உள்ள சாமான் என்றால், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் தூசியே குழந்தைகளுக்கு ஆபத்து. வீட்டுக்குள் தேய்க்கவே விடாதீர்கள்.

கொடுக்கும் முன் ஒவ்வொரு டிராயரையும் கவிழ்த்துப் போட்டோ எடுங்கள், அடியில் அழியாத மையில் கையெழுத்துப் போடுங்கள். எந்த மரம், எந்த பெயின்ட் என்பது ரசீதில் இருக்கட்டும். பட்டி பூசும் முன் நேரில் போய், மரத்தை வெறும் மரமாகப் பாருங்கள். அதுவரை முழுப் பணம் வேண்டாம். நுகர்வோர் உதவி எண் 1915. நானும் அழைத்திருக்கிறேன், பழைய போட்டோ ஒன்றில் அந்த நீலக் கறை தெரிகிறது.