ஒன்று, இரண்டு, மூன்றாக: கோவையில் முடி நட்டுக்கொண்ட அனுபவம்

ஷார்ஜாவிலிருந்து லீவில் ஊருக்குப் போகிறவர்கள் பல், கண் எல்லாம் காட்டிக்கொண்டு திரும்புவது வழக்கம். இப்போது முடி நடுவதும் அதில் சேர்ந்துவிட்டது. நான் கோவையில் செய்துகொண்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. விசாரிக்கிற நண்பர்கள் எல்லோரும் கேட்பது, "எத்தனை கிராஃப்ட், எவ்வளவு ஆச்சு?" என்றுதான். கிராஃப்ட் என்பது பின்னந்தலையிலிருந்து வேரோடு எடுத்து நடுகிற ஒரு முடிக் குத்து. அதில் ஒற்றை முடி உள்ளது எத்தனை, இரட்டை எத்தனை, மூன்று எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. பார்க்கிறவர் கண்ணுக்கு நட்ட முடி என்று தெரியுமா தெரியாதா என்பது அதில்தான் இருக்கிறது.

முதலில் போன இடத்தில் டாக்டரையே பார்க்க முடியவில்லை. ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் என்று ஒருவர் போட்டோவைப் பார்த்தே 3,000 கிராஃப்ட் என்று எழுதிக் கொடுத்து, அட்வான்ஸ் கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் முடி மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனது நினைவில் இருந்தது. முறையாகப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் சொல்லியிருக்கிறது.

அடுத்துப் பார்த்தவர் தோல் மருத்துவர். பின்னந்தலையில் சின்ன இடத்தை ஒட்டக் கத்தரித்து, அதன் மேல் கேமராவை வைத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். எனக்கு அது புதுக் காட்சி. ஒரு துளையில் ஒரு முடி, பக்கத்துத் துளையில் இரண்டு, சிலவற்றில் மூன்று, அபூர்வமாக நான்கு. நெல் நடவில் குத்துக்கு இரண்டு மூன்று நாற்று வைப்போமே, அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு குத்துக்கும் தனியாக எண்ணெய்ச் சுரப்பி, சின்னஞ்சிறு தசை, சுற்றிலும் ஒரு உறை எல்லாம் உண்டு. இதை ஒரு தனி அலகாக ஹெடிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1984-ல் விவரித்தார். அதற்கு முன்பெல்லாம் 4 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை வட்டமாக வெட்டி, பத்துப் பதினைந்து முடியை மொத்தமாக நட்டார்கள். பொம்மைத் தலை மாதிரித் தெரிந்தது அதனால்தான்.

காசு விஷயமும் இதில் இருக்கிறது. குத்துக்குச் சராசரியாக இரண்டு முடி என்று வைத்தால் 2,000 கிராஃப்ட் என்பது சுமார் 4,000 முடி. சில இடங்களில் இரட்டையையும் மூன்றையும் பிரித்து ஒற்றையாக்கி, கிராஃப்ட் கணக்கைக் கூட்டிவிடுகிறார்கள். பில் ஏறும், முடி ஏறாது. வேரும் சேதமாகலாம்.

சிகிச்சை அன்று பகல் முழுக்கப் போய்விட்டது. மரத்துப்போக ஊசி போடும்போது வலித்தது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. இடைவேளையில் பக்கத்து மேசையைக் காட்டினார்கள். குளிர்ந்த உப்புநீர்த் தட்டுகளில் ஒற்றை, இரட்டை, மூன்று என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் அரிசி நுனியளவுகூட இல்லை. உருப்பெருக்கிக்குக் கீழே பிரித்துக்கொண்டிருந்த பெண், "அண்ணா, ஒற்றை எல்லாம் நெற்றி ஓரத்துக்குங்க, அதையெல்லாம் கடைசியில வெப்போம்" என்றார். முன் வரிசையில் ஒற்றை, அதற்குப் பின்னால் இரட்டை, நடுவில் மூன்று. இயற்கையும் அப்படித்தான் வைத்திருக்கிறது. உங்கள் நெற்றி ஓரத்தைக் கண்ணாடியில் பாருங்கள், தெரியும். துளைகளை டாக்டரே போட்டார். ஒற்றைக்குச் சிறிய துளை, மூன்றுக்குச் சற்றுப் பெரியது, எல்லாம் பழைய முடி சாய்ந்திருந்த திசையில். அந்தப் பொறுமைக்கு அவர்கள் எல்லோருக்கும் என் நன்றி.

முதல் மாதத்திலேயே நட்ட முடி உதிரும். பதற வேண்டாம், வேர் உள்ளேதான் இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் திரும்ப முளைக்கும். இங்கேதான் ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: ஒரு குத்தில் இருக்கிற முடிகள் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒவ்வொரு வேருக்கும் அதன் சொந்தச் சுழற்சி. இரட்டை நட்ட இடத்தில் முதலில் பூனை முடி மாதிரி ஒன்றுதான் எட்டிப் பார்த்தது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிக் கேட்டேன். "பொறுங்க தம்பி, ஜோடி பின்னால வரும்" என்று டாக்டர் பதில் போட்டார். சில மாதம் கழித்து அதே துளையில் இரண்டாவதும் வந்து, இரண்டும் தடித்து, ஒரே பக்கமாகச் சாய்ந்தன. பாதி வருஷத்துக்கு மேல் அடர்த்தி கூடியது இப்படித்தான். முழு பலன் தெரிய 12 மாதமாவது ஆகும். உச்சந்தலை என்றால் இன்னும் கூடும். அதனால் ஆறாம் மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

வெளிநாடு திரும்புகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ஒற்றை, இரட்டை, மூன்று, நான்கு எத்தனை என்று பிரித்து எழுதிய தாளை டிஸ்சார்ஜ் காகிதத்தோடு கேட்டு வாங்குங்கள். எனக்குக் கேட்காமலே கொடுத்தார்கள். பின்னந்தலையிலிருந்து எடுத்தது அங்கே மறுபடி முளைக்காது. பின்னாளில் உச்சிக்கும் நட வேண்டி வந்தால், வேறு ஊர் டாக்டரிடம் போனாலும், எவ்வளவு எடுத்தாயிற்று, இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவு செய்ய அந்தக் கணக்கு உதவும்.