வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு: 'நன்கொடை ரசீது' கொடுத்து 38,500 ரூபாய் பிடுங்கிய கதை

38,500 ரூபாய். அக்காவின் கம்மலை அடகு வைத்தும், ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்தும் சேர்த்த பணம். அக்கா வீட்டுக்காரரான மாமாவின் இதய வால்வு ஆபரேஷனுக்கு வழி செய்து தருகிறோம் என்று ஒரு 'மருத்துவ உதவி அறக்கட்டளை' அதை வாங்கிக்கொண்டது. நேற்று எங்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது. பெயரை இங்கே எழுதவில்லை. போலீஸில் மனு கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் இந்த மாதிரி இடங்கள் எப்படிப் பேசும், எப்படிப் பணம் வாங்கும், எப்படிக் கையை விரிக்கும் என்பதை இன்றே சொல்லியாக வேண்டும். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒரு குடும்பம் ஸ்கேன் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும்.

மாமா குடியாத்தத்தில் பவர்லூம் ஓட்டுகிறவர், லுங்கி நெசவு. கொஞ்ச நாளாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. படுத்தால் முடியவில்லை என்று ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மைட்ரல் வால்வு ரொம்பச் சுருங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் செய்த வேலையாம். செலவு லட்சக்கணக்கில் வரும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுக்கவில்லை. ரேஷன் கார்டை அவருடைய அப்பா கார்டிலிருந்து பிரித்து வாங்கியே அதிக நாள் ஆகவில்லை.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கும் லாட்ஜ் தெருக்கள் எல்லோருக்கும் தெரியும். வங்காளம், அசாம், ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் காட்பாடியில் ரயில் இறங்கி வருகிறார்கள். மெடிக்கல் ஷாப்பிலிருந்து மெஸ் வரை வங்காளி எழுத்தில் போர்டு இருக்கும். அந்தத் தெருவில் ஒரு டீக்கடையில்தான் அந்த நோட்டீஸ் எங்கள் கைக்கு வந்தது. தமிழ், இந்தி, வங்காளி மூன்றிலும் அச்சடித்திருந்தார்கள். 'ஏழை நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை உதவி, அரசுக் காப்பீடு, நன்கொடையாளர் ஏற்பாடு.' கீழே பதிவு எண், 80ஜி எண், 12ஏ எண் என்று வரிசையாக நம்பர்கள்.

மாடியில் சின்ன ஆபீஸ். சுவர் முழுக்க லேமினேட் செய்த சான்றிதழ்கள். ஆனால் நாங்கள் நம்பியது அந்தச் சான்றிதழ்களைப் பார்த்து இல்லை. அங்கே இருந்த ஒருங்கிணைப்பாளர் அம்மா பேசிய விதத்தைப் பார்த்துத்தான். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எக்கோ ரிப்போர்ட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். "வீங்கிப் போற காலுக்கு நீர் மாத்திரை குடுத்திருப்பாங்களே, ஒழுங்கா போடறாரா? ஊறுகா, கருவாடு எல்லாம் நிறுத்தியாச்சா?" என்று மாமாவிடமே கேட்டார். அக்கா அழுததும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எனக்குத் தங்கச்சி மாதிரிம்மா, இனிமே இது என் ஃபைல்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எந்த ஆஸ்பத்திரி வரிசையிலும் அக்காவிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அக்கா சொன்னார்: "தம்பி, இந்த மேடம் போதும். பணம் எவ்ளோ ஆனாலும் பரவால்ல."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அங்கே அத்தனை நாடகமும்.

மறுநாள் போன் வந்தது. பதிவுக் கட்டணம் 8,500. ஜிபே நம்பர் அனுப்பினார்கள், பணம் போனது அறக்கட்டளைக் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆள் பெயருக்கு. கேட்டதற்கு, "ட்ரஸ்ட் அக்கவுண்ட்ல ஆடிட் நடக்குது தம்பி, இவர் எங்க கேஷியர்தான்." அப்புறம் காப்பீட்டு ஃபைல் சென்னையில் நகர 30,000, ரொக்கமாக. "ஆபரேஷன் முடிஞ்சதும் இது அப்படியே உங்க கைக்கு வந்துடும்." அதற்குத்தான் அக்கா சீட்டு எடுத்தார். தள்ளுபடியில் எவ்வளவு போனது என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் வரவில்லை. ஆக மொத்தம் 38,500 ரூபாய்.

அதற்குப் பிறகு எல்லாம் பதில்கள்தான். ஃபைல் சென்னைக்குப் போயிருக்கிறது. சென்னையில் சார் மீட்டிங்கில் இருக்கிறார். ட்ரஸ்டி டெல்லி போயிருக்கிறார். சர்வர் டவுன். மாமா இருமி இருமிக் களைத்துப்போய் இருக்கிறார் மேடம் என்றால், "அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில வெயிட்டிங் ஜாஸ்தி, நமக்குத் தெரிஞ்ச நர்சிங் ஹோம் ஒண்ணு இருக்கு, உடனே அட்மிஷன், முன்பணம் மட்டும் கட்டுங்க." தங்கச்சி மாதிரி என்று சொன்ன அதே அம்மா, அக்கா போன் செய்தால் எடுப்பதையே நிறுத்திவிட்டார். வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும்.

இதற்கு நடுவில் ஆம்பூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் ஒரு படத்தை அனுப்பி, "இது நம்ம மாப்பிள்ளைதானே?" என்று கேட்டார். மாமாவின் படம். ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்த நேரத்தில், ஃபைலுக்கு வேண்டும் என்று அந்த அம்மா அக்காவை எடுத்து அனுப்பச் சொன்ன படம். பெயரை மாற்றி, இல்லாத இரண்டு பெண் குழந்தைகளைச் சேர்த்து, 6 லட்சம் தேவை என்று போட்டு, நன்கொடை கேட்டுச் சுற்றவிட்டிருக்கிறார்கள். கீழே வேறு ஏதோ ஒரு கணக்கு எண். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோயாளியின் படமும் மருத்துவ விவரமும் அவருடைய சொந்தச் சொத்து. அதை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மாமா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை.

சரி, இனி இவர்களை நம்பி ஆகாது என்று சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்கே போனேன். அங்கே காப்பீட்டுத் திட்டத்துக்கு என்று தனிப் பதிவு மையம் இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், அங்கீகாரம் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளும் இதில் உண்டு. அங்கே இருந்தவர் மாமாவின் கார்டு எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்த நம்பர்ல இதுவரைக்கும் யாரும் பதிவே பண்ணலையே" என்றார். சென்னைக்குப் போன ஃபைல் என்று ஒன்று இருந்ததே இல்லை. "எவ்ளோ கட்டணும் சார்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இதுக்கு யார்கிட்டயும் காசு குடுக்கக் கூடாதுங்க" என்றார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் அவர்களுடைய உண்மையான வித்தை தெரிந்தது. மேஜைக்குப் பின்னால் புதிதாக ஒரு ஆள், நிர்வாகியாம். எங்கள் ரசீதை எங்களிடமே நீட்டினார். "படிச்சுப் பாருங்க, என்ன போட்டிருக்கு? நன்கொடை. நீங்க மனசார ட்ரஸ்டுக்குக் குடுத்தது. நன்கொடையை யாராவது திருப்பிக் கேப்பாங்களா?" நேற்றும் அதே பதில்தான், கூடவே ஒரு மிரட்டல். "வெளிய பேசினீங்கன்னா மாமாவுக்கு எந்த ஆஸ்பத்திரியிலயும் உதவி கிடைக்காம பண்ணிடுவோம்." உட்காரக்கூடச் சொல்லவில்லை, வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். அக்கா என் கூடத்தான் நின்றிருந்தார்.

காட்பாடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்யும் நண்பரிடம் அந்த ரசீதைக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டியது.

பதிவு எண் என்று பெரிதாகப் போடுகிறார்களே, அது சார்பதிவாளர் ஆபீஸில் ஒரு அறக்கட்டளைப் பத்திரம் பதிவானதற்கான எண். அவ்வளவுதான். அந்தப் பத்திரத்தில் எழுதியிருப்பதை இவர்கள் நடத்திக் காட்டுகிறார்களா என்று சார்பதிவாளர் வந்து பார்ப்பதில்லை, அது அவர் வேலையும் இல்லை. 12ஏ என்பது அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரி விலக்கு. 80ஜி என்பது நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை. இந்த மூன்றில் எதுவுமே 'இவர்கள் நோயாளிகளிடம் பணம் வாங்கி அரசுக் காப்பீடு பெற்றுத் தரலாம்' என்று கொடுத்த அனுமதி இல்லை. அந்த 80ஜி எண்ணாவது உண்மையா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் விலக்கு பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் தேடினார். இவர்கள் பெயரே இல்லை.

அடுத்தது ரசீது. '38,500 ரூபாய், ரொக்கம், 80ஜி விலக்கு உண்டு' என்று அதில் இருக்கிறது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்கு 80ஜி சலுகையே கிடையாது. உண்மையான அறக்கட்டளைக்கு இந்த அடிப்படை விஷயம் தெரியாமல் இருக்காது. நன்கொடையாளர் பெயரோடு வருமான வரித் துறைக்குக் கணக்குக் காட்டி, 10பிஇ என்ற சான்றிதழையும் தர வேண்டும், 2021-22 நிதியாண்டு முதல் அதுதான் நடைமுறை. மேலும் 8,500 ரூபாய் ஜிபேயில் போனதற்கு என் போனிலேயே ஆதாரம் இருக்கிறது. ரசீதில் மொத்தமும் ரொக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளே அவர்களுக்கு எதிரான சாட்சி.

நன்கொடை என்று ஏன் எழுதுகிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. அறக்கட்டளை கட்டணம் வாங்குவதே தப்பு என்று இல்லை. ஆனால் கட்டணம் என்று ரசீது கொடுத்தால் அது காசுக்குச் செய்யும் சேவை, 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். இலவசச் சேவைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால்தான் கட்டணத்தை வாங்கிக்கொண்டு நன்கொடை என்று எழுதி, சேவை இலவசம் என்று காட்டுகிறார்கள். ஆனால் 'பதிவுக் கட்டணம் 8,500 அனுப்பவும்' என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என்னிடம் இருக்கிறது. அதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போகிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. ஏமாற்றியதற்குத் தனியாக போலீஸ் மனு. குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆம் பிரிவு, ஏமாற்றிப் பணத்தைப் பறித்தால் ஏழு வருஷம் வரை தண்டனை. ஸ்டேஷனில் மனு ரசீது கொடுத்திருக்கிறார்கள், அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலூரில் மனசாட்சியோடு இந்த வேலையைச் செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். மொழி தெரியாத நோயாளியோடு நாள் முழுக்க வரிசையில் நிற்பவர்கள், ரத்தத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள், ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காமல் போகிறவர்கள். இந்தக் கும்பலால் அவர்கள் பெயரும் சேர்ந்து கெடுகிறது. அந்த ஆத்திரமும் எனக்கு இருக்கிறது. குடியாத்தத்துக்காரன், தமிழ் படிக்கத் தெரிந்தவன், எனக்கே இப்படி என்றால் வங்காளத்து மால்டாவிலிருந்து நிலத்தை விற்றுவிட்டு வருகிறவருக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

என்னென்ன ஆவணம் கேட்க வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது அதற்கு நேரம் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அவசரத்துக்கு இதை மட்டும் மனதில் வையுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுக்கு எந்தத் தரகரும் தேவையில்லை. கலெக்டர் ஆபீஸ் பதிவு மையத்துக்கு நேராகப் போங்கள், இல்லையென்றால் 1800 425 3993-க்குப் போன் செய்யுங்கள், இலவச எண்.

தனி ஆள் பெயருக்கு ஜிபே செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். செய்துவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், நேரம் போகப் போகப் பணம் கைவிட்டுப் போகும்.

ரசீதில் நன்கொடை என்று எழுதினால், எதற்காக வாங்கினார்கள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

ஆதார் நகல், நோயாளியின் படம் இரண்டையும் கேட்டவுடன் கொடுக்காதீர்கள்.

கிட்னிக்கு டோனர் பார்த்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள். 1994-ன் உறுப்பு மாற்றுச் சட்டப்படி பணத்துக்கு உறுப்பு வாங்குவதும் விற்பதும் ஏற்பாடு செய்வதும் சிறைக்குப் போகும் குற்றம், பணம் கொடுத்தவரும் அதில் மாட்டுவார்.

மாமாவுக்குக் காப்பீட்டுப் பதிவு முடிந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் முன் அனுமதிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு ரூபாய் கேட்கவில்லை. அந்த 38,500 ரூபாயை நான் விடப்போவதில்லை. லாட்ஜ் தெரு மாடியில் பச்சை அட்டை போட்ட ரசீதுப் புத்தகத்திலிருந்து 'நன்கொடை' ரசீது வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து மனு போட நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கிறது. ரசீதையும் போனில் இருக்கும் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்.