ஷாமாத்தேயும் டாங் பிங்கும்

சீன இளைஞர்களிடையே எழுந்த இரண்டு போக்குகள் ஷாமாத்தேயும் டாங் பிங்கும். ஷாமாத்தே இளைஞர்கள் தலைமுடியை உயரத் தூக்கி நிறுத்தி, கண்ணைப் பறிக்கும் சாயம் பூசினார்கள். கிராமங்களிலிருந்து பதின்வயதிலேயே தென்சீனத் தொழில்நகரமான டோங்குவானின் தொழிற்சாலைகளுக்கு வந்தவர்கள் ஏராளம். அங்குள்ள ஷிபாய் நகரப் பூங்காவிலும் க்யூக்யூ என்ற அரட்டைச் செயலியின் குழுக்களிலும் கூடினார்கள். ஊரும் உறவும் தொலைவில் இருந்த பிள்ளைகளுக்கு அந்த முடிதான் நண்பர்களைத் தேடித் தந்தது. இணையத்தில் பொழிந்த வசையும், வேலை கிடைக்காத நிலையும் பலரை அதை வெட்ட வைத்தன.

‘படுத்துக்கிடத்தல்’ என்று பொருள்படும், 2021இல் பரவிய டாங் பிங்குக்குத் தோற்ற அடையாளமே கிடையாது. காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் என்ற உழைப்பை மறுத்து, குறைவாகச் சம்பாதித்துக் குறைவாகச் செலவழிப்பது அது. அரசு ஊடகங்கள் கண்டித்தன; படித்த நகர இளைஞர்கள் பலர் ஆதரித்தார்கள்.

என் மனம் ஷாமாத்தே பக்கமே. வேலையைக் குறைத்துக்கொள்ளக் கையில் கொஞ்சம் சேமிப்பு வேண்டும். தொழிற்சாலை விடுதியில் வாழ்ந்த பிள்ளைகள் பலருக்கு அது எட்டாக்கனி.